எந்த லினக்ஸ் போடட்டும், டீச்சர்?

தக்கலையில் அப்பா நடத்திய தட்டச்சுப் பள்ளியில்தான் இப்போது என் கம்ப்யூட்டர் சென்டர் இருக்கிறது. ஜன்னலோரம் இரண்டு தமிழ் டைப்ரைட்டர்களை இன்னும் துடைத்து வைத்திருக்கிறேன். ஹையர் படிக்க வந்தவர்கள் வாயில் பதிந்த ‘டீச்சர்’ என்ற அழைப்பு இன்றும் மாறவில்லை. 2025 அக்டோபர் 14-ம் தேதி விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்ததிலிருந்து எனக்கு வரும் கடிதங்களில் பாதி ஒரே விஷயம்தான்: பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிப் போடவும் மனமில்லை, லினக்ஸ் போடவும் தைரியமில்லை. இந்த முறை ஐந்து கடிதங்களை எடுத்துக்கொள்கிறேன். முதல் கடிதத்துக்கு நீளமாக எழுதியிருக்கிறேன், மற்றவர்களும் அதைப் படித்துவிடுங்கள்.

குலசேகரத்தில் ரப்பர் ஷீட் வாங்கி விற்கும் கடை வைத்திருக்கிறேன். கம்ப்யூட்டர் நாலாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் 11 இதில் ஏறாது என்றுவிட்டார்கள். தங்கச்சி மகன் உபுண்டு போடச் சொல்கிறான். அவன் கூட்டுக்காரன் ஃபெடோரா என்கிறான். யூடியூப்பில் ஒருவர் ஸோரின் என்கிறார். எனக்கு வேண்டியது கோட்டயம் விலை பார்ப்பது, வாட்ஸ்அப், எக்செலில் கணக்கு, பிரிண்ட். எது போட எளிது? எது பயன்படுத்த எளிது?
_ஷீட் வியாபாரி, குலசேகரம்_

அண்ணே, நீங்கள் இரண்டு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். ஊரில் முக்கால்வாசிப் பேர் முதல் கேள்வியோடு நிறுத்திவிடுகிறார்கள். குழி வெட்ட எது எளிது என்று பார்த்து யாரும் ரப்பர் கன்று வாங்குவதில்லை. ஏழு வருஷம் கழித்து எப்படிப் பால் தரும் என்றுதானே பார்ப்போம்? லினக்ஸும் அப்படித்தான். போடுவது அரை மணி நேர வேலை. அதன் பிறகு தினமும் காலையில் கடை திறந்ததும் அதன் முன்னால் உட்காரப் போவது நீங்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். லினக்ஸ் என்பது உள்ளே இருக்கும் கர்னல், அதாவது கம்ப்யூட்டரை இயக்கும் மையப் பகுதி. அதைச் சுற்றி மேசைத் திரை (டெஸ்க்டாப்), மென்பொருள்கள், அப்டேட் செய்யும் முறை எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டித் தருவதைத்தான் டிஸ்ட்ரோ என்கிறோம். உபுண்டுவும் மின்ட்டும் ஸோரினும் சொந்தக்காரர்கள். டெபியன் 1993-ல் தொடங்கியது, உபுண்டு 2004-ல் அதிலிருந்து பிறந்தது, மின்ட்டும் ஸோரினும் உபுண்டுவின் மேல் கட்டியவை. ஃபெடோரா வேறு குடும்பம்.

போடுவது என்று பார்த்தால் இந்த ஐந்திலும் பெரிய வித்தியாசம் இல்லை. மொழி, கீபோர்டு, வைஃபை, எந்த டிஸ்க், உங்கள் பெயர், நேர மண்டலத்துக்குக் கொல்கத்தா. எல்லாம் மவுஸில் அழுத்திக்கொண்டே போகலாம். டெபியனில் மட்டும் ஒரு இடத்தில் நம் ஆட்கள் தடுமாறுவதைப் பார்க்கிறேன். ரூட் கடவுச்சொல் என்று ஒன்று கேட்கும். அதைக் காலியாக விட்டால்தான் உங்கள் சொந்தக் கணக்குக்கு நிர்வாக உரிமை கிடைக்கும். நல்ல பிள்ளையாக எதையோ அடித்து வைத்துவிட்டு, பிறகு எந்த மென்பொருளும் போட முடியவில்லை என்று வந்து நிற்பார்கள். முன்பெல்லாம் டெபியனில் வைஃபை கார்டை இயக்கும் ஃபர்ம்வேர் என்ற சின்ன மென்பொருளைத் தனியாகத் தேடி எடுக்க வேண்டியிருந்தது. 2023-ல் வந்த 12-ம் பதிப்பிலிருந்து அந்தக் கஷ்டம் தீர்ந்துவிட்டது.

இனி, போட்ட பிறகு என்ன ஆகும் என்பதற்கு வருகிறேன். ஃபெடோரா அருமையானது, புதுச் சரக்கு எல்லாம் அதில் முதலில் வரும். ஆனால் ஒரு பதிப்புக்கு ஏறத்தாழ 13 மாதம்தான் ஆதரவு. வருஷம் ஒருமுறையாவது நீங்கள் அடுத்த பதிப்புக்கு ஏறியாக வேண்டும். சீசன் நேரத்தில் உங்களுக்கு அந்த வேலை எதற்கு? சில வகை வீடியோக்கள் ஓடுவதற்கு வெளியிலிருந்து ஒரு மென்பொருள் களஞ்சியத்தைச் சேர்க்க வேண்டும். இன்னொரு விஷயம், கேட்டால் சின்னதாகத் தெரியும். அதன் வழக்கமான மேசையில் ஜன்னல்களுக்கு மினிமைஸ் பட்டன் இருக்காது. பதினைந்து வருஷமாக விண்டோஸில் மூலையில் அழுத்திப் பழகிய விரல் அந்த இடத்தைத் தேடிக்கொண்டே இருக்கும். எங்கள் சென்டரில் பெரியவர்கள் ‘இது எனக்கு ஒத்துவராது’ என்று எழுந்து போவது இந்த மாதிரி இடத்தில்தான், கட்டளை அடிக்கும் டெர்மினலைப் பார்த்து அல்ல.

உபுண்டு 24.04 நம்பிக்கையானது. 2024 ஏப்ரலில் வந்தது, ஐந்து வருஷ ஆதரவு. ஆனால் அதன் மேசை 4 ஜிபி ராமில் திணறும். ஃபயர்ஃபாக்ஸை ஸ்னாப் என்ற பொதியாகத் தருவதால், பழைய ஹார்ட் டிஸ்க்கில் காலையில் முதல்முறை திறக்கும்போது நேரம் எடுக்கும். ஸோரின் கண்ணுக்கு விண்டோஸ் மாதிரியே இருக்கும். விண்டோஸ் மென்பொருள் ஒன்றை இறக்கி அழுத்தினால், அதற்குப் பதிலாக இதைப் போடலாமே என்று வழிகூடக் காட்டும். அது எனக்குப் பிடித்த குணம்.

உங்களுக்கு நான் சொல்வது லினக்ஸ் மின்ட் 22 வரிசை, அதில் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலேசான மேசையோடு வரும் பதிப்பு. கீழே பட்டை, இடது மூலையில் மெனு, வலது மூலையில் கடிகாரம். கை தானாகப் போகும். ஆதரவு 2029 ஏப்ரல் வரை. டைம்ஷிஃப்ட் என்ற மென்பொருள் கூடவே வருகிறது. அதை முதல் நாளே அமைத்து வைத்தால், ஏதாவது அப்டேட்டில் கோளாறு வந்தாலும் முந்தைய நாள் நிலைக்குத் திரும்பலாம். ஒன்றை மறக்காதீர்கள்: அது சிஸ்டத்தைத்தான் காப்பாற்றும், உங்கள் கணக்குக் கோப்புகளை அல்ல. அவற்றைத் தனியாக ஒரு பென் டிரைவில் வாராவாரம் எடுக்க வேண்டும்.

எக்செல் கோப்புகள் லிப்ரே ஆபிஸில் திறக்கும். கூட்டல், சதவீதம், வடிகட்டல் எல்லாம் ஓடும். மேக்ரோ வைத்து யாராவது எழுதிக்கொடுத்திருந்தால் அது ஓடும் என்று நம்பாதீர்கள். வாட்ஸ்அப்பை பிரவுசரிலேயே வைத்துக்கொள்ளலாம். பிரிண்டர் ஹெச்பி என்றால் பெரும்பாலும் கேபிளைச் செருகியதும் எடுத்துக்கொள்ளும். டாலியில் கணக்கு வைத்திருந்தால் மட்டும் நில்லுங்கள். அது விண்டோஸுக்கு எழுதப்பட்டது. ஜிஎஸ்டிக்கு டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் செருகுபவர்களும் முதலில் சோதித்துப் பார்க்காமல் மாறக் கூடாது.

இதற்கெல்லாம் முன்னால் ஒன்று செய்யுங்கள், அண்ணே. அந்த ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு ஒரு 240 ஜிபி எஸ்எஸ்டி போடுங்கள். முடிந்தால் இன்னொரு 4 ஜிபி ராம், டிடிஆர்3 என்று கேட்டு வாங்குங்கள். எந்த டிஸ்ட்ரோ என்பதைவிட இந்த மாற்றம்தான் உங்களுக்குக் கண்ணில் தெரியும். கழற்றிய ஹார்ட் டிஸ்க்கில் பழைய விண்டோஸும் கோப்புகளும் அப்படியே இருக்கும், பயமும் போகும்.

இதை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. சில வருஷம் முன்பு என் சித்தி மகளின் மடிக்கணினியில் லினக்ஸ் போட்டுக்கொடுத்தேன். டிஸ்க் கேட்கும் திரையில் ‘முழுவதும் அழித்துவிட்டு நிறுவு’ என்ற தேர்வில் இருந்ததைக் கவனிக்காமல் தொடர்ந்துவிட்டேன். அவள் கல்யாணப் படங்கள் அதில்தான் இருந்தன. வேறு பிரதி இல்லை. அவள் என்னைத் திட்டவில்லை, அதனால்தான் எனக்கு இன்னும் அந்தத் திரை கண்ணுக்குள் நிற்கிறது. அன்றிலிருந்து யார் கம்ப்யூட்டர் வந்தாலும் கோப்புகளை வெளியே எடுத்து, அவர்களையே திறந்து பார்க்கச் சொல்லி, பிறகுதான் பென் டிரைவைச் செருகுகிறேன்.

அக்கா, மார்த்தாண்டம் பக்கத்தில் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். புது லேப்டாப்பில் விண்டோஸ் 11-ஓடு சேர்த்து லினக்ஸ் போடப் பார்த்தேன். இன்ஸ்டாலரில் என் எஸ்எஸ்டியே தெரியவில்லை, பென் டிரைவ் மட்டும் தெரிகிறது. ஹாஸ்டலில் எல்லாரும் ஆர்ச் போட்டால்தான் லினக்ஸ் தெரிந்த மாதிரி என்கிறார்கள். நேரடியாக ஆர்ச் போடலாமா?
_மாணவர், மார்த்தாண்டம்_

தம்பி, எஸ்எஸ்டி தெரியாததற்கு டிஸ்ட்ரோ மேல் பழி போடாதே. இன்டெல் 11-ம் தலைமுறைக்குப் பின் வந்த சில லேப்டாப்களில் விஎம்டி அல்லது ஆர்எஸ்டி என்ற ஏற்பாடு, கம்ப்யூட்டர் தொடங்கும்போது வேலை செய்யும் பயாஸ் அமைப்பில் போட்டே வருகிறது. எஸ்எஸ்டி அதன் பின்னால் ஒளிந்துகொள்ளும். அதை அணைத்தால் தெரிந்துவிடும். ஆனால் நீ இப்போதே போய் அணைத்தால் விண்டோஸ் நீலத் திரை காட்டி நின்றுவிடும். இதில் வரிசைதான் முக்கியம்.

முதல் வேலை, டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கரின் மீட்புச் சாவியை எடுத்துக் காகிதத்தில் எழுதி வை. நீ கேட்காமலே அந்தப் பூட்டு போட்டிருக்கலாம். பிறகு, விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டிலிருந்தே பார்ட்டிஷனைச் சுருக்கி, குறைந்தது 50 ஜிபி காலி இடம் உண்டாக்கு. அதன் பின் எம்எஸ்கான்ஃபிகில் அடுத்த முறை சேஃப் மோடில் தொடங்கும்படி குறித்துவிட்டு, பயாஸுக்குப் போய் விஎம்டியை அணை. சேஃப் மோடில் ஒருமுறை விண்டோஸ் எழுந்துவிட்டால் புதிய முறைக்குப் பழகிக்கொள்ளும். அந்தக் குறியை எடுத்துவிட்டு வழக்கம்போலத் தொடங்கிப் பார். விண்டோஸ் நன்றாக எழுந்த பிறகுதான் லினக்ஸ் பென் டிரைவைத் தொடு.

அங்கீகாரம் பெற்ற சிஸ்டத்தை மட்டும் தொடங்க விடும் ‘செக்யூர் பூட்’ என்ற ஏற்பாட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். உபுண்டு, மின்ட், ஃபெடோரா, டெபியன் நான்கும் அது போட்டிருந்தாலே ஏறும். ஆர்ச்சின் நிறுவல் பென் டிரைவுக்கு அணைத்தாக வேண்டும். என்விடியா கார்டு இருந்தால் உபுண்டு, மின்ட் இரண்டிலும் நிறுவும்போது ஒரு கடவுச்சொல் உருவாக்கச் சொல்லலாம். சொன்னால், ரீஸ்டார்ட் ஆனதும் ஒரு நீலத் திரை வரும். பயந்துபோய் ‘தொடர்’ என்று அழுத்திவிடுகிறார்கள். அங்கே ‘என்ரோல் மோக்’ என்பதைத் தேர்ந்து, அதே கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் கார்டின் டிரைவர் வேலை செய்யாது, நீ காரணம் தெரியாமல் இரண்டு நாள் அலைவாய்.

இரண்டையும் மாறி மாறித் திறக்கும்போது விண்டோஸில் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் ஓடினால் பேட்டரி போய்விட்டது என்று நினைக்காதே. லினக்ஸ் கடிகாரத்தை உலகப் பொது நேரத்தில் எழுதுகிறது, விண்டோஸ் அதை உள்ளூர் நேரம் என்று படிக்கிறது. லினக்ஸில் உள்ளூர் நேரத்தையே வைத்துக்கொள்ளும்படி ஒரே கட்டளையில் மாற்றலாம்.

ஆர்ச்சைப் பற்றி. 2002-லிருந்து இருக்கிறது, அதன் விக்கியை டெபியன் பயன்படுத்துபவர்கள்கூடப் படிக்கிறார்கள், நானும் படிக்கிறேன். 2021 முதல் ஆர்ச்இன்ஸ்டால் என்ற உதவி நிரலும் கூடவே வருகிறது. கற்றுக்கொள்ள வேண்டும் என்ற உன் ஆசையை நான் தடுக்க மாட்டேன். கம்ப்யூட்டருக்குள்ளேயே இன்னொரு கம்ப்யூட்டரைப் போலியாக ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸில் போட்டு, உடைத்து, மறுபடி போடு. ஒவ்வொரு பார்ட்டிஷனையும் கையால் பிரித்துப் பழகு. ஆனால் புராஜெக்ட் அறிக்கை இருக்கும் லேப்டாப்பில் இப்போதைக்கு மின்ட்டோ உபுண்டுவோ இருக்கட்டும். ஆர்ச்சில் அப்டேட் இடைவிடாது வரும், சில நேரம் போடுவதற்கு முன்னால் அறிவிப்பைப் படித்துக் கையால் ஏதாவது செய்ய வேண்டியிருக்கும். வைவாவுக்கு முந்தின ராத்திரி உனக்கு அதற்கு நேரம் இருக்காது.

அக்கா, குளச்சலில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாண அழைப்பிதழ், கோவில் கொடை நோட்டீஸ், பள்ளிக்கூட வினாத்தாள். டைப்ரைட்டர் முறையில்தான் எனக்கு வேகம் வரும். பாமினி எழுத்துருவில் பழைய ஃபைல்கள் ஏராளம் கிடக்கின்றன. லினக்ஸுக்கு மாறினால் தமிழ் அடிக்க முடியுமா? எந்த டிஸ்ட்ரோவில் தமிழ் எளிது?
_டிடிபி கடை நடத்துபவர், குளச்சல்_

இந்தக் கடிதத்தைப் படித்ததும் எனக்கு அப்பாவின் ஞாபகம் வந்தது. டைப்ரைட்டர் முறையில் பழகிய விரலை மாற்றச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும், தங்கச்சி. மாற்ற வேண்டாம்.

தமிழ் அடிப்பதில் டிஸ்ட்ரோவுக்கு டிஸ்ட்ரோ வித்தியாசம் குறைவு. எல்லாவற்றிலும் ஐபஸ் என்ற ஏற்பாடும், அதற்குள் எம்17என் என்ற தொகுப்பும்தான் வேலை செய்கின்றன. அந்தத் தொகுப்பில் தமிழ்99 இருக்கிறது, டைப்ரைட்டர் இருக்கிறது, ஃபோனெட்டிக்கும் இன்ஸ்கிரிப்ட்டும் இருக்கின்றன. உபுண்டுவிலும் ஃபெடோராவிலும் அதன் மேசையோடு ஐபஸ் ஏற்கெனவே இணைந்திருப்பதால், கீபோர்டு அமைப்பில் போய்த் தமிழைச் சேர்த்தால் போதும், உபுண்டுவில் மட்டும் அதற்கு முன் எம்17என் பொதியைப் போட வேண்டியிருக்கலாம். மின்ட்டில் மென்பொருள் மேலாளரிலிருந்து இரண்டு பொதிகளையும் போட்டு, உள்ளீட்டு முறைக்கு ஐபஸைத் தேர்ந்து, ஒருமுறை லாக் அவுட் செய்து வர வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் உபுண்டு மின்ட்டைவிட எளிது. தமிழ் என்று தேடும்போது ‘தமிழ்99’ என்றே இரண்டு வரி தெரியலாம். எம்17என் என்று அடைப்புக்குள் இருப்பதை எடுங்கள்.

இவை எல்லாம் யூனிகோடில் எழுதும். பாமினி யூனிகோடு அல்ல. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்துச் செய்த எழுத்துரு அது. பழைய கோப்பைத் திறக்க அந்த எழுத்துருவை லினக்ஸில் நிறுவினாலே போதும், எழுத்துருக் கோப்பை இரண்டுமுறை அழுத்தினால் நிறுவு என்று காட்டும். லிப்ரே ஆபிஸில் சரியாகத் தெரியும், திருத்தவும் செய்யலாம்.

ஆனால் பேஜ்மேக்கர், கோரல்டிரா, போட்டோஷாப் மூன்றும் லினக்ஸுக்கு வருவதில்லை. லிப்ரே ஆபிஸ் டிரா பேஜ்மேக்கர் கோப்பைத் திறக்கும்தான். ஆனால் எழுத்து எங்கே இருந்ததோ அங்கேயே நிற்கும் என்று நான் உறுதி தர மாட்டேன். நாளைக்கு அச்சகத்துக்குப் போக வேண்டிய அழைப்பிதழை அதில் வைத்துச் சோதிக்காதீர்கள். இன்க்ஸ்கேப், ஸ்க்ரைபஸ், கிம்ப் மூன்றும் நல்லவை. புதிதாக வரும் நோட்டீஸ்களில் ஒன்றிரண்டை இன்க்ஸ்கேப்பில் செய்து பார்த்து, கை படிந்த பிறகு அடுத்ததை யோசியுங்கள்.

பிரிண்டரை வைத்து முதலில் சோதியுங்கள். எங்கள் சென்டரில் ஒரு பழைய லேசர் பிரிண்டர் இருக்கிறது. விண்டோஸில் முத்து மாதிரி ஓடும், லினக்ஸில் மூன்று நாள் உட்கார்ந்தும் அதை எழுப்ப முடியவில்லை. பென் டிரைவிலிருந்து ‘லைவ்’ ஆக லினக்ஸைத் திறந்து, கடையில் இருக்கும் பிரிண்டர், ஸ்கேனர் இரண்டையும் செருகி, ஒரு பக்கம் அடித்துப் பாருங்கள். டிஸ்க்கில் எதுவும் மாறாது. வெள்ளிக்கிழமை கடை மூடிய பிறகு ஒரு மணி நேரம் போதும். உங்கள் கடைக்கு என் அபிப்பிராயம்: பேஜ்மேக்கர் இருக்கும் கம்ப்யூட்டர் அப்படியே இருக்கட்டும், ஆனால் இணையத்திலிருந்து பிரித்து வையுங்கள். வாடிக்கையாளர் வந்து விண்ணப்பம் போடும் இன்னொரு கம்ப்யூட்டருக்கு லினக்ஸ் போடுங்கள். கண்ட பென் டிரைவ் எல்லாம் வந்து ஏறுவது அதில்தானே.

மூத்த மகளுக்கு 2012-ல் பள்ளியில் கிடைத்த அரசு மடிக்கணினி பரணில் கிடக்கிறது. 2 ஜிபி ராம். இளையவள் எட்டாம் வகுப்பு. அவளுக்கு இதில் ஏதாவது போட்டுக் கொடுக்க முடியுமா?
_இல்லத்தரசி, ஆரல்வாய்மொழி_

முடியும் அம்மா, ஆனால் எல்லாம் முடியாது. 2 ஜிபி ராமில் எழுத்து வேலை, படம் வரைதல், டைப்பிங் பழகுவது, ஸ்க்ராட்ச் மாதிரி நிரல் விளையாட்டு இவை நடக்கும். பிரவுசரில் ஐந்தாறு டேப் திறந்தால் எந்த டிஸ்ட்ரோ ஆனாலும் மூச்சு முட்டும். உபுண்டுவின் இலேசான வடிவமான லுபுண்டு போடலாம், அல்லது எல்எக்ஸ்க்யூடி என்ற இலேசான மேசையோடு டெபியன் போடலாம். முதலில் பிராசஸர் 64 பிட்டா என்று பாருங்கள். 32 பிட் என்றால் கதவுகள் ஒவ்வொன்றாக மூடிவருகின்றன. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-ல் அதற்கான நிறுவல் வட்டே இல்லை. ஆன்டிஎக்ஸ் போன்ற சின்ன டிஸ்ட்ரோக்களைத்தான் பார்க்க வேண்டும். பேட்டரி உப்பியிருந்தால் கழற்றிவிடுங்கள், அதோடு சார்ஜ் போடாதீர்கள்.

உங்கள் கடிதம் எனக்கு ஒரு பழைய விஷயத்தை நினைவூட்டியது. 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கிய அந்தத் திட்டத்தின் மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்தது. சி-டாக் என்ற மத்திய அரசு நிறுவனம் உருவாக்கிய இந்திய லினக்ஸ் அது, தமிழும் அதில் இருந்தது. அந்தப் பிள்ளைகள் என் சென்டருக்கு வந்து ‘டீச்சர், இந்த இன்னொன்றை எடுத்துத் தாருங்கள்’ என்று கேட்டார்கள். நானும் எடுத்துக் கொடுத்தேன். எத்தனையோ மடிக்கணினிகளில். குறை அந்த லினக்ஸில் இல்லை. அதைக் காட்டிக்கொடுக்க ஒருவர் பக்கத்தில் இல்லை, நானும் அப்போது கற்றுக்கொண்டிருக்கவில்லை. பிள்ளைகளிடம் வந்து சேர்ந்த ஒரு வாய்ப்பை என் கையாலேயே அழித்தேன் என்ற வருத்தம் எனக்கு உண்டு. அதனால்தான் எது எளிது என்று கேட்பவர்களிடம், உங்கள் தெருவில், உங்கள் சொந்தத்தில், யாருக்கு எது தெரியும் என்று முதலில் கேட்கிறேன். பக்கத்து வீட்டு அண்ணனுக்கு ஃபெடோரா தெரியும் என்றால் உங்கள் மகளுக்கு ஃபெடோராவின் இலேசான மேசைப் பதிப்பே எளிது, நான் மேலே மின்ட்டைப் பற்றி எழுதியது எல்லாம் இரண்டாம் பட்சம். விடுமுறையில் மகளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். அவளையே போடச் சொல்லி நான் பக்கத்தில் இருக்கிறேன்.

எங்கள் ஊரில் மழைக்கு நெட் விட்டுவிட்டு வருகிறது, கரண்டும் அப்படியே. மின்ட்டின் நிறுவல் கோப்பு (ஐஎஸ்ஓ) ஏறக்குறைய 3 ஜிபி. எப்படி இறக்குவது?
_வாசகர், பேச்சிப்பாறை_

டோரன்ட்டில் இறக்குங்கள். நெட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஐப்பசி இடி இருக்கும் நேரத்தில் நிறுவல் வேண்டாம். மேசைக் கம்ப்யூட்டர் என்றால் யுபிஎஸ் இல்லாமல் தொடங்கவே கூடாது. பென் டிரைவ் 8 ஜிபி போதும், ரூஃபஸ் அல்லது எட்சர் வைத்து எழுதலாம். எழுதுவதற்கு முன்னால், இறக்கிய கோப்பு முழுதாக வந்ததா என்று சரிபார்க்க உதவும் எஸ்ஹெச்ஏ256 எண்ணை மின்ட்டின் தளத்தில் போட்டிருக்கும் எண்ணோடு ஒப்பிடுங்கள். 64 எழுத்து நீளம் இருக்கும். ஒரு எழுத்து மாறினாலும் அந்தக் கோப்பிலிருந்து நிறுவாதீர்கள். டோரன்ட் மென்பொருளில் மறுபடி சரிபார்க்கச் சொன்னால் கெட்டுப்போன துண்டுகளை மட்டும் திரும்ப இறக்கிக்கொள்ளும்.